முனியாண்டி பாறையும் பிரான்ஸ் பாறையும்

பிரான்ஸ் போய்வந்த பெரியப்பா மகன் குமார் அண்ணன், இன்று சாப்பாட்டுக் கடையில் படம் காட்டினார். ஒரு காடு, நிறையப் பாறைகள். கயிறில்லாமல் ஏறுகிறார்கள்.

"மொதல்ல மலை ஏறப் பழகத்தான் வந்தாங்களாம். அப்புறம் இந்தப் பாறையே போதும்னு ஆயிடுச்சி லா. ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கு. காலைத் தொடச்சிட்டுத்தான் ஏறணும். மழை பேஞ்சா, கல்லு ஒடஞ்சிடும்னு தொடவே மாட்டாங்க."

புக்கிட் பெலிம்பிங் பக்கம் நாங்கள் குடியிருந்த கம்பெனித் தோட்டத்திலும் ஒரு பாறை இருந்தது. பெயர் முனியாண்டி; அதுதான் எங்கள் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போவோம்.

வீடுகள் கட்டக் கம்பெனி தோட்டத்தை விற்றபோது, "வெறும் கல்லுதானே லா" என்று புல்டோசருக்கு வழிவிட்ட கோயில் தலைவர் இதே அண்ணன்தான்.

"அந்தக் காட்டுல கோயில் தலைவர் யாரும் இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்.

நல்லவேளை, இந்தத் தடவை புல்டோசர் தேவைப்படவில்லை.