நற்கருணைக்கு எழாத ஞாயிறுகள்

சப்பாத்தி சாப்பிட்டால் என் வயிறு தவில் மாதிரி உப்பும்; மறுநாள் ஆபீசில் தலை மந்தமாகவே இருக்கும். பேக்கரி கார பன் தின்றாலும் அதே கதிதான். ரத்தப் பரிசோதனை, குடலில் சிறு துண்டெடுத்துப் பரிசோதனை எல்லாம் முடித்த டாக்டர், "கோதுமை குடலையே அரிக்கும் சீலியாக் நோய் உங்களுக்கு இல்லை. ஆனாலும் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதற்குத் தனியாக டெஸ்ட் கிடையாது. சில வாரம் அடியோடு நிறுத்திப் பார்ப்போம், பிறகு சாப்பிட்டுப் பார்ப்போம்" என்றார்.

அடியோடு என்றால் அடியோடுதான் என்று எனக்குப் பிடிவாதம். பூசையில் சாமியார் தரும் நற்கருணை அப்பமும் கோதுமைதானே? அந்த ஞாயிறு காக்ஸ் டவுன் சர்ச்சில் எல்லோரும் வரிசையில் போக, நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி தனியாகப் போய் வாங்கி வந்தாள்.

எங்கள் சர்ச் பங்கு மக்கள் கணக்கில் நற்கருணை வாங்காதவன் ஏதோ பெரிய பாவம் செய்தவன். சாயங்காலத்துக்குள் மாமியார் மகளுக்குப் போன் செய்துவிட்டார். "மாப்பிள்ளை ஏன் எழுந்திருக்கல? வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" அவள் கோதுமை, அதிலிருக்கும் குளூட்டன் என்று விளக்கினாள். "என்னமோ மறைக்கிற" என்று அவர் அழுதே விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வயிற்றுக்கு ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா? ஆனால் அவள் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பேசாமல் அடுத்த வாரம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு நான் எழப்போனபோது, கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நற்கருணையை ஒரு வாரமும் தவறவிடாதவள், அன்று அவளும் எழவில்லை.

"இருங்க. இப்ப நம்ம ரெண்டு பேரைப் பத்தியும் பேசட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரங்கள் முழுக்க அப்படியே சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

வயிறு அடங்கியது, தலை தெளிந்தது. டாக்டர் சொன்னபடி மறுபடி சப்பாத்தி சாப்பிட்டேன். தவில் திரும்பி வந்தது. சப்பாத்திக்குக் கும்பிடு போட்டேன். "சீலியாக் இல்லையே, அந்த மெல்லிய அப்பத்தை மட்டும் வாங்கிப் பாருங்கள்" என்றார் டாக்டர். இருவரும் ஒன்றாக எழுந்துபோய் வாங்கினோம். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் முன்பெஞ்சு ஆன்ட்டி என் மனைவியின் கன்னத்தைத் தட்டினார். "சமாதானம் ஆயிட்டீங்களாம்மா? உங்களுக்காகத் தினமும் ஜெபமாலை சொன்னேன்."

குளூட்டனை விளக்க வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"ஆயிட்டோம் ஆன்ட்டி. எல்லாம் உங்க ஜெபந்தான்."