பிதா, சுதன், மாமாவின் வள்ளம்

எழுத உட்கார்ந்தால் என் கை வேறு யாருடைய கையோ போல ஆகிவிடும். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. எந்த ஆண்டு என்று கேட்டால் சொல்லமாட்டேன். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். லத்தீனில் இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் கடவுளைப் பற்றிச் சண்டை பிடித்ததில்லை. விளங்கினால்தானே சண்டை.

கரம்பொன் என்கிற ஊரில் கடற்கரையோடு எங்கள் வீடு. மீன்பிடிக்கிற வள்ளம் ஒன்று இருந்தது. அது மாமாவுடையது, அதாவது என் வீட்டுக்காரரின் தகப்பனாருடையது. மாமா, என் வீட்டுக்காரர், என் தம்பி மூவரும் அதில் தொழிலுக்குப் போவார்கள். தம்பியை வளர்த்தது நான்தான். அம்மா போனபோது அவன் சட்டை போடாமல் ஓடித் திரிகிற வயது. வளர்ந்த பிறகு கொழும்பில் ஒரு கடையில் கொஞ்சக் காலம் நின்றான். கடையைப் பூட்டிவிட, எங்களிடம் திரும்பி வந்தான். வரும்போது ஒரு தகரப்பெட்டி, ஒரு வேதப்புத்தகம், ஒரு கொள்கை. பெட்டிக்குள் அநேகமாக ஒன்றுமில்லை.

கொள்கை இதுதான்: சேசு கடவுளின் மகன், ஆனால் கடவுள் அல்ல, கடவுளுக்குக் கீழ்ப்பட்டவர். கொழும்பில் சில பேர் ஒரு அறையில் கூடி வேதம் வாசிப்பார்களாம். அங்கே படித்தது.

அதை அவன் மனதுக்குள் வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் எங்கள் கரையில் ஒரு வழக்கம். வள்ளத்தைத் தள்ளுமுன் மூத்தவர் கடல்நீரை உள்ளங்கையில் அள்ளி, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் சிலுவை வரைந்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரைச் சொல்லுவார். அந்த ஈரம் காயுமுன் ஏறுகிற எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். ஒரு வாய் குறைந்தாலும் வள்ளம் தள்ளுவதில்லை.

தம்பியின் வாய் குறைந்தது.

"மூண்டு பேரையும் சமனாச் சொல்லி ஆமென் போட எனக்கு ஏலாது மாமா" என்றானாம். மாமா சிலுவையை இடுப்பில் கட்டிய சாரத்தால் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்குச் சோற்றுக்குச் சம்பல் மட்டும்தான். அடுத்த நாளும் அப்படியே. இரண்டு பேரால் அந்த வலையை இழுக்க ஏலாது.

கடைசியில் மாமா சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள அவன் ஆமென் சொல்லவேணும். இல்லாட்டி கொழும்புக்கு பஸ் ஏறட்டும். சேசுவைக் குறைச்சுக் கதைக்கிறவனுக்கு என்ரை வள்ளத்தில இடமில்லை."

தம்பி போனால் திரும்பி வரமாட்டான். அவனுடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். நான் ஊட்டி வளர்த்த பிடிவாதம்.

சனிக்கிழமை மாமா உபதேசியாரைக் கூட்டிவந்தார். கோவிலில் செபம் சொல்லிக் கொடுக்கிறவர், நல்ல மனுசன். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினோம். தம்பியும் என் வீட்டுக்காரரும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் தேங்காய் துருவினேன்.

"தம்பி, சூரியனும் அதின்ரை வெளிச்சமும் ஒண்டெல்லோ?" என்று உபதேசியார் தொடங்கினார்.

"வெளிச்சம் சூரியனிட்டை இருந்து வருது" என்றான் தம்பி. "சூரியன் வெளிச்சத்திட்டை இருந்து வாறேல்லை. அப்ப ஆர் பெரிசு? தகப்பன் தன்னிலும் பெரியவர் எண்டு சேசுவே சொல்லியிருக்கிறார்."

"தானும் தகப்பனும் ஒண்டு எண்டும் அவர்தான் சொன்னவர்" என்றார் உபதேசியார்.

"நானும் அத்தானும் ஒண்டுதான். அதுக்காக நான் அத்தானோ?"

உபதேசியார் தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லிக் குடிக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஞானம் வந்தது. வந்திருக்கக் கூடாது. சின்ன வயதில் ஞானோபதேசப் பரீட்சையில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் அழுதுவிட்டு வந்தவள் நான். இன்றைக்கும் கடையில் சீனி கேட்பதற்கு இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள், திருவலகையைப் போட்டுவிட்டு, கையெல்லாம் தேங்காய்ப்பூவோடு முற்றத்துக்கு வந்து நின்றேன்.

"மாமா வள்ளத்துக்குச் சொந்தக்காரர்" என்றேன். "இவர் சுக்கான் பிடிக்கிறவர். கடலில மாமா சொன்னாலும் ஒண்டுதான், இவர் சொன்னாலும் ஒண்டுதான். தகப்பனும் மகனும் சமன். பிதாவும் சுதனும் அப்பிடித்தானே?"

என் மனதில் அது மிக நன்றாக இருந்தது. உபதேசியார்கூடத் தலையாட்டத் தொடங்கினார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஆர் சமன்?" என்றார் மாமா.

நான் கையிலிருந்த தேங்காய்ப்பூவைச் சேலையில் துடைத்தேன்.

"வள்ளம் ஆரின்ரை? இதை உனக்குச் சொல்லித் தந்தது ஆர், உன்ரை மனுசனோ?"

என் வீட்டுக்காரர் வலையில் இல்லாத ஓட்டையைத் தேடினார். "எனக்கொண்டும் தெரியாது ஐயா."

"சுக்கானைப் பிடிக்க விட்டால் சமனோ? கேளும் உபதேசியார். மகன் எண்டால் தகப்பனுக்குக் கீழதான். அது பூமியிலயும் அப்பிடித்தான், மோட்சத்திலயும் அப்பிடித்தான்."

தம்பி வலையிலிருந்து தலையைத் தூக்காமல், மெதுவாகச் சொன்னான்: "அதைத்தான் மாமா நானும் இவ்வளவு நாளாச் சொல்லுறன்."

உபதேசியாருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. மாமா அவருடைய முதுகில் தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார் என்று நினைக்கிறேன். "நீர் குடிக்கிறதைக் குடியும்" என்றுவிட்டு எழும்பிக் கடற்கரைப் பக்கம் போனார். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை.

ஞாயிறு பூசையில் நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முழங்காலில் நின்றபோது நானும் நின்றேன், அவ்வளவுதான். தம்பியைக் காப்பாற்றப் போய் மாமாவையும் மகனையும் பிரித்துவிட்டேன், பிதாவுக்கும் சுதனுக்கும் என்ன செய்தேனோ என்று பயம். தம்பி தகரப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தான்.

திங்கள் விடிய நான் கடலுக்குச் சோறு கட்டினேன். பயத்தில் இரண்டு பேருக்குத்தான் கட்டினேன். மாமா வாசலில் நின்று பார்த்தார்.

"மேற்றிராணியாருக்கு எண்ணத் தெரியாதோ? மூண்டு பேரெல்லோ போறம்."

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் மேற்றிராணியார், அதாவது குருமாருக்கெல்லாம் மேலான ஆயர். குழம்பில் உப்புக் குறைந்தால், "மேற்றிராணியாரிட்டைச் சொல்லுங்கோ" என்பார் மாமா. உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பெயரை விடவில்லை.

நான் பின்னால் போய் வடலிப் பனைகளுக்குள் நின்று பார்த்தேன். மாமா தம்பியைப் பார்த்து, "நீ பின்னுக்கு நிண்டு தள்ளு. அங்கை நிண்டால் உன்ரை வாய் எனக்குத் தெரியாது" என்றார். பிறகு தண்ணீர் அள்ளி அணியத்தில் சிலுவை வரைந்தார். காற்று எதிராக அடித்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. வள்ளம் தண்ணீரில் இறங்கியது. சுக்கானை என் வீட்டுக்காரர்தான் பிடித்தார்.

அன்று தம்பி ஆமென் சொன்னானா? சொன்னான், தன் காதால் கேட்டது என்பார் என் வீட்டுக்காரர். கேட்டவன் கேட்டிருப்பான், நான் கேட்கவில்லை என்பார் மாமா. தம்பியிடம் நான் கேட்டதில்லை, கேட்க வெட்கம். மாமாவும் என் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. தம்பி இருக்கிறான், தூரத்தில். இதை வாசிக்கிற பிள்ளைகள் யாராவது அவனிடம் விசாரித்து, நான் பிழையாக எழுதியதைத் திருத்திவிடுங்கள். பிதாவையும் சுதனையும் பற்றி நான் சொன்னதை பூசை வைக்கிற ஒரு சுவாமியாரிடமும் காட்டுங்கள். வள்ளத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவரிடம் காட்டத் தேவையில்லை; அது மாமாவுடையதுதான்.