எல்லாக் கேள்விக்கும் ஒன்று

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவர் வங்காளத்து பெஹாலாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, பேச்சு வந்திருந்தது, நடை வந்திருந்தது, கோபமும் பத்திரமாகக் கூடவே வந்திருந்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. துறைமுக அலுவலகத்தில் காலமெல்லாம் கையெழுத்துப் போட்ட கை அது. கையெழுத்துப் போனதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிட முடியவில்லையே என்பதுதான் அவரைத் தின்றது. ஸ்பூனால் நான் ஊட்டும்போது வாயைத் திறப்பார், கண்ணைச் சுவரில் வைத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு முறை என் செல்போனுக்கு மெசேஜ் வரும். மாத்திரை சாப்பிட்டாரா, நடந்தாரா, வலது கையால் தானே சாப்பிடுகிறாரா என்று வரிசையாகக் கேள்விகள். ஆமாம் என்றால் 1, பாதி முடிகிறது என்றால் 2, முடியவில்லை என்றால் 3. எண்ணை அனுப்பினால் போதும்.

"எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுடு" என்றார் முதல் நாளே.

"கையாலயா சாப்பிடறேள்?"

"மரியாதைக்குக் கேக்கறா. மரியாதையாப் பதில் சொல்லணும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் படிக்கட்டில் யார் எதிர்ப்பட்டாலும் "கேமொன் ஆச்சேன்?" என்று சௌக்கியம் விசாரிப்பார்கள். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு நின்றாலும் "பாலோ ஆச்சி", நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊருக்குக் கடிதம் எழுதிய காலத்திலும் 'இங்கு அனைவரும் நலம்' என்று ஆரம்பித்துவிட்டுத்தானே யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று எழுதினோம். இரண்டு ஊர்ப் பழக்கமும் சேர்ந்து எங்களைக் கெடுத்தது. வீட்டுக் கஷ்டத்தை முகம் தெரியாதவர்களிடம் சொல்வானேன் என்று எனக்கும் இருந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டி அனுப்பினேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கே ஆள் அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதமாகியும் யாரும் வரவில்லை. "கேள்வி கேக்கத் தெரியறது, ஆள் அனுப்பத் தெரியல" என்று அவர் தினமும் பொரிந்தார். ஒரு வியாழக்கிழமை காலை எனக்கும் பொறுமை போய், போன் செய்து சத்தம் போட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பெண். நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, என்னைச் சித்தி என்றும் அவரைச் சித்தப்பா என்றும் உறவு வைத்து, வங்காளியில் நிதானமாகச் சொன்னாள்.

"மாஷிமா, மேஷோமொஷாய் தானே கையால சாப்பிடறார்னு ஒவ்வொரு தடவையும் போட்டிருக்கீங்க. அந்தப் பதிலைப் பார்த்துத்தானே நாங்க ஆள் அனுப்பறோம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இன்று வரும் மெசேஜுக்காவது உள்ளதைப் போடுங்கள் என்றாள். அவரிடம் சொன்னேன். மெசேஜ் வந்ததும், "கொண்டா, பொய் சொல்லச் சொன்னது நான்தானே" என்றார்.

கையைப் பற்றிய கேள்விக்கு வந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். கட்டைவிரல் நகர்ந்து 6-இல் விழுந்தது. அழித்தார். 9-இல் விழுந்தது. அதையும் அழித்தார். சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எழுந்து போகவில்லை. கடைசியில் 3 விழுந்தது. முடியவில்லை என்ற பதிலை, முடியாத அந்த விரலாலேயே போட்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லே. சாதம் குழைஞ்சு போச்சு."

அடுத்த வாரமே கைக்குப் பயிற்சி கொடுக்க ஜாதவ்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். தட்டில் பொரியைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போடச் சொன்னாள். முதல் நாள் மூன்று பொரி. துர்கா பூஜை வந்தபோது ஒரு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, கடலை இல்லையா என்று கேட்டார்.

பூஜை முடிந்த வாரம், மதியச் சாப்பாட்டு வேளையில் மெசேஜ் வந்தது. அவர் அப்போது மேஜையில் குனிந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். ரசம் முழங்கை வரை வழிந்தது. பனியனில் ஒரு கருவேப்பிலை ஒட்டியிருந்தது. வலது கையால் தானே சாப்பிடுகிறாரா என்ற கேள்வியைப் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணு போடலாமா?" என்றேன். உண்மையிலேயே ஆசையாகத்தான் இருந்தது.

அவர் தரையைப் பார்த்தார். "பாதி கீழே கிடக்கு. ரெண்டு போடு."

"நீங்களே போடுங்கோ." போனை நீட்டினேன்.

ஐந்து விரலையும் விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"எப்படிடி போடறது? கை எச்சில்."