தடைக்காலத்தில் நிறைந்த வாசிப்புக்கூடம்

நான் மாற்றலாகி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போன வருடம்தான் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் அங்கே வந்தது. யார் எப்போது நூலகத்துக்கு வந்தார்கள், எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்ற பழைய பதிவுகளையெல்லாம் வைத்து, வரப்போகும் மாதங்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்று அது முன்கூட்டியே சொல்லும்.

மே மாதம் தேர்வு முடிந்ததும் வாசிப்புக்கூடத்தை மூடிவிட்டு பெயிண்ட் அடிக்க ஏற்பாடு செய்திருந்தேன். விடுமுறையில் யார் வரப்போகிறார்கள்? ஆனால் இடம் போதாத அளவுக்குக் கூட்டம் வரும் என்றது மென்பொருள். ஏதோ கோளாறு என்று நினைத்து உதவி நூலகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கடற்கரைக்காரி, அப்பா விசைப்படகில் போகிறவர். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"சரியாத்தான் சொல்லுது மேடம். இப்ப மீன்பிடித் தடைக்காலம்லா? மத்த லீவுன்னா நம்ம பயலுவ கடலுக்குப் போயிருவானுவ. இப்ப படகெல்லாம் கரையில கெடக்கு. வீட்ல எல்லாரும் இருப்பாங்க, டிவி சத்தம் வேற. படிக்கணும்னா இங்கனதான வரணும்?"

நான் கடலில்லாத நாசரேத்துப் பக்கம். தடைக்காலம் என்றால் மீன் விலை ஏறும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மென்பொருளுக்கு அதுகூடத் தெரியாது. ஆனாலும் பதிவுகளுக்குள் கிடந்த இந்த விஷயத்தை அது கண்டுபிடித்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெயிண்டர் அண்ணாச்சிக்கு போன் போட்டு, ஜூன் கடைசியில் வரச் சொன்னேன்.

முதல் சில நாட்கள் கூடம் காலியாகத்தான் கிடந்தது. "ஆளில்லாத இடத்துக்கு எதற்கு ஏசி?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்கு உள்ளூர பயம்தான். அடுத்த வாரம் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பிறகு நாற்காலி போதாமல், கருத்தரங்கக் கூடத்திலிருந்து தூக்கி வந்து போட்டோம்.

விலங்கியல் படித்த ஒரு பெண்ணோடு அவள் அப்பாவும் தினமும் வருவார்.

"சாயங்காலம் எங்க ஊருக்கு பஸ் சரியா கெடையாதும்மா. எனக்கும் இப்ப தொழில் இல்ல. அதான் கூட வாரேன்" என்றார். அவரையும் உள்ளே உட்காரச் சொன்னேன். மகள் படித்து முடிக்கும்வரை செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வில் அந்தப் பெண் தேறிவிட்டதாக முடிவு வந்தது. அதைச் சொல்ல அவர் வந்தபோது கையில் பெரிய சீலா மீன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"மிஷினுக்கும் ஒரு துண்டு வைங்க மேடம்" என்றாள் உதவி நூலகர். அன்று மத்தியானம் அந்த மீனைக் குழம்பு வைத்து, அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.