ஜான்சி குதிக்கலாமா?

ஜிம்மில் லேடீஸ் பேட்ச் எடுக்கிறவளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது பாதி வேலை. அதற்காக ஊராருக்குப் பதில் சொல்வது மீதி வேலை. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட தோழிகளே, உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும். திருவொற்றியூரில் எனக்கு எரிந்ததைச் சொல்கிறேன்.

கயிறு

ஜான்சி ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தால் மொத்த பேட்ச்சும் நின்று பார்க்கும். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடிய கால். கல்யாணமான பிறகும் விடவில்லை. குழந்தை தள்ளிப்போனதும் அவள் மாமியார் மரியம்மா, குற்றவாளி இந்தக் கயிறுதான் என்று முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் பேட்ச் நடக்கும்போதே உள்ளே வந்து அதைப் பிடுங்கினார்.

"டாக்டர் பார்த்தாச்சும்மா. குதிக்கிறதால ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. உங்க மகனுக்கும் டெஸ்ட் எடுக்கணும்னாங்களே, எடுத்தீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். எனக்கு வருகிற குரலே அவ்வளவுதான்.

மரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எம் புள்ளைக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு? அவன் இன்னா குதிச்சிகினா கீறான்? செவனேன்னு குந்திகினு கீறான்!"

மூன்றாவது மாடி

வேறு கயிறு வாங்கி ஜான்சி குதித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியே முழுகாமலும் ஆனாள். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: உடம்புக்குப் பழகியதைச் செய்யலாம், வயிறு பெரிதாகப் பெரிதாகக் குதிப்பதைக் குறைத்துக்கொள், விழுகிற மாதிரி, வயிற்றில் அடிபடுகிற மாதிரி எதுவும் வேண்டாம், ரத்தம் பட்டாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு வா. இவ்வளவு பேச்சில் அவள் வீட்டார் காதில் விழுந்தது "வேண்டாம்" மட்டும். ஜிம் பக்கமே அனுப்பவில்லை.

ஐந்தாம் மாதம், பேசிப் பார்க்கலாம் என்று அவர்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் போனேன். கீழே தண்ணி லாரி நின்றது. எனக்கு முன்னால் ஜான்சி, இடுப்பில் நிறைகுடத்தோடு, ஈரப் படிக்கட்டில் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் மேலே கதவைத் திறந்து பிடித்து உதவினார்! குடத்தை நான் வாங்கிக்கொண்டு, "இதுக்கு மட்டும் பயமில்லையா?" என்றேன்.

மரியம்மாவுக்கு என் கேள்வியே புரியவில்லை. "இன்னா மிஸ் நீ, படிச்ச பொண்ணு இப்டி கேக்குற? அது எக்சசைஸு. இது வூட்டு வேல."

டி-ஷர்ட்

அழுது அடம்பிடித்து, 'நடக்க மட்டும்' என்ற அனுமதியோடு ஜான்சி திரும்பி வந்தாள். எங்கள் ஓனர் முதலில், "பிள்ளைத்தாச்சிக்கெல்லாம் இங்க இடமில்ல, எதுனா ஆச்சுன்னா எனக்குத்தான் பேஜாரு" என்று வாசலிலேயே மறித்தார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். எந்த நாட்டிலோ ஒரு கர்ப்பிணி மரப்பெட்டி மேல் எகிறிக் குதிக்கிற ரீல்ஸைப் பார்த்துவிட்டாராம். ஜிம் பெயரை வயிற்றுப் பக்கம் பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஜான்சியும் அப்படிக் குதிக்க வேண்டுமாம். அதற்கென்று ஹாலில் கொண்டுவந்து போட்டிருந்த பெட்டி இடுப்பு உயரம். போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றார்.

நான் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "கால் தடுக்கினா வயித்துல அடிபடும் சார். நான் எழுந்திரிக்க மாட்டேன்." என் குரல் அந்த ஹால் முழுக்கக் கேட்டது அன்றைக்குத்தான். "நீ ஒரு ஸ்டாஃப், ஞாபகம் இருக்கட்டும்" என்றார் ஓனர்.

ஜான்சி டி-ஷர்ட்டை அவர் தோளில் போட்டாள். "எங்க அத்த குதிக்காதன்றாங்க, நீ குதின்ற. டாக்டரம்மா சொன்னத ஒர்த்தரும் காதுல வாங்கல, என்னியும் ஒர்த்தரும் கேக்கல. இன்னா சார், இது என் வயிறா, உன் ஜிம் போர்டா?"

ஓனர் எங்கள் இருவரையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிட்டதால், இப்போது காலையில் ஜான்சியும் நானும் கடலோரமாக நடக்கிறோம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளைத் தவிர வேறு யாரும் எங்களைப் பார்த்து ஹாரன் அடிப்பதில்லை.