என் தோட்டத்தில் கொட்டிய ஈயச் சாம்பல்

கொடைக்கானல் ரோட்டோரம் வெறும் பாறையாகக் கிடந்த சரிவில் வீடு கட்டியவன் நான். ஓடையிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்து, அங்கே பூண்டுத் தோட்டமும் போட்டேன். சொந்தமாக லாரியும் வாங்கினேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி.

அறுபதுகளில் என் தோட்டத்துக்கு மேலே ஒருவன் பட்டறை போட்டு, பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினான். எங்கள் பக்கம் பூண்டுப் பாத்திக்குச் சாம்பல் போடுவது வழக்கம். அதைச் சாக்காக வைத்து, உலைச் சாம்பலை என் பாத்தியில் கொட்டிவிட்டான். அதை நக்கிய என் கன்றுக்குட்டி கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, பல்லை நறநறவென்று கடித்தபடி செத்தது.

பட்டறை வாசலில் போய் நின்றேன்.

"ஓசியில வந்த உரம்ணே. இதுக்குப் போயி சண்டைக்கு வர்றீங்களே?" என்று இளித்தான்.

"உரமாலே? உன் வீட்டு ரசத்துல ஒரு கரண்டி போட்டுக் குடி, பாப்போம்!"

நான் சுமந்து போட்ட மண்ணை நானே முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, லாரியில் ஏற்றி, அவன் வீட்டு வாசலை அடைத்துக் கொட்டினேன். ஊர் கூடிவிட்டது. அதன்பிறகுதான் பஞ்சாயத்து வந்து பட்டறையை மூடியது.

இன்று அங்கே கல் நட்டிருக்கிறார்கள். அதில், பஞ்சாயத்துத் தலைவர் ஈய நஞ்சை அகற்றினாராம்! அவர் ஒரு கூடை மண்ணாவது தூக்கினாரா? அந்தக் கல்லில் என் பெயரை வெட்டுங்கள். அவர் பெயருக்கு மேலே வெட்டுங்கள்.