பத்தொன்பதாவது இணைப்பு

வெர்னா கோஸ்லோ பால் பெட்டியைத் திறக்குமுன் அதன்மேல் அச்சிட்ட தேதியைப் படிப்பார். திறந்தபின் முகர்ந்து பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டி, "நீயும் மோந்து பாரு சேஷ்" என்பார். நான் நன்றாயிருக்கிறது என்று தலையசைத்தாலும் காபியைப் பால் இல்லாமலே குடிப்பார். மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் ஒரு பின்னிரவுப் பேச்சு நிகழ்ச்சியின் ஒலிப்பிரிவில் பதினோராண்டுகள் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். அக்காலத்தில் அவர் பால் ஊற்றிக் குடித்ததை மும்முறை கண்டிருக்கிறேன்.

அவர் பிறந்து வளர்ந்தது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், மாஸ்பெத்தில். தந்தை நகராட்சியின் எடைக்கல் சோதகர். இறைச்சிக் கடைக்காரரின் கட்டைவிரல் தராசுத் தட்டின்மேல் இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். மகளும் ஏறத்தாழ அதே உத்தியோகத்தைத்தான் செய்தார். நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடங்களில் ஏதேனும் ஒரு ராக் குழு வந்து வாசிக்கும். அவ்வாத்தியங்களையும் குரல்களையும் கலந்து ஒளிபரப்புக்கு அனுப்பும் மேசை வெர்னாவின் பொறுப்பு. இரவு நிகழ்ச்சி என்று பெயரே ஒழிய, பதிவு மாலை ஐந்தரைக்கு முடிந்துவிடும். ஆயினும் பார்வையாளர் முன்னிலையில் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், மறுமுறை கிடையாது, முன்பே பதிவுசெய்த குரலுக்கு இடமே கிடையாது என்பது எங்கள் நிகழ்ச்சியின் விதி.

அவ்விதி 2003ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஒருமுறை உடைந்தது. புகழ்பெற்ற ஒரு குழு பதிவுசெய்த குரலை ஓடவிட்டு வாயசைத்துப் போனது. பாடகர் மைக்கைத் தவறவிட்ட பின்னும் பாட்டு நிற்கவில்லை. நாடே சிரித்தது. தயாரிப்பாளர் ஸ்டூ அபெலோ மறுநாள் வெர்னாவை அழைத்துச் சொன்னது ஒரே வாக்கியம்: "இன்னொரு தடவை இப்படி நடந்தா, அந்த நாற்காலில வேற ஆளு உக்காருவாங்க."

அதன்பின் வெர்னா ஒரு சோதனை முறையை வகுத்துக்கொண்டார். மேடையில் உண்மையாகப் பாடுகிறவரின் மைக்கில் அவர் குரல் மட்டும் விழாது. பின்னாலிருக்கும் டிரம்ஸின் தட்டோசையும் பக்கத்துக் கிதாரின் இரைச்சலும் சேர்ந்தே விழும். இதை அவர் அழுக்கு என்பார். மேடையிலிருந்து மேசைக்கு வரும் ஒவ்வொரு கம்பியும் ஓர் இணைப்பு. ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே காதில் போட்டு, அழுக்கு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் தம் ஏட்டில் ஒரு கோடு போடுவார். அழுக்கில்லாத குரல் பொய்க்குரல் என்பது அவரது முடிபு. ஒன்றரை ஆண்டுகளில் அம்முடிபு ஒருமுறையும் பொய்த்ததில்லை.

2004 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மினசோட்டா மாநிலத்து டூலூத் நகரிலிருந்து கிரேவல் லேக் என்ற குழு வந்தது. நால்வர். தொலைக்காட்சிக்கு அதுவே முதல் வருகை. தங்கள் கருவிப்பெட்டி ஒன்றைப் பூட்டியே கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு கம்பியை மட்டும் என்னிடம் நீட்டினார்கள். அவர்கள் கொடுத்த இணைப்புப் பட்டியலில் அக்கம்பி பத்தொன்பதாவது. எதிரே எழுதியிருந்த சொல்: டிராக்ஸ்.

எங்கள் தொழிலில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான். முன்பே பதிவுசெய்து இயந்திரத்திலிருந்து ஓட்டும் ஒலி.

வெர்னா பட்டியலைக் கண்ணாடியை உயர்த்தி ஒருமுறை, தாழ்த்தி ஒருமுறை படித்தார்.

"வெக்கமில்லாம எழுதியே குடுத்திருக்கானுங்க பாரு."

"கீபோர்டுச் சத்தம் ஏதாச்சும் இருக்கும், வெர்னா."

"இருக்கும் இருக்கும். எங்கப்பாகிட்டயும் எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் சொன்னான்."

ஒன்றரை மணிக்கு ஒத்திகை தொடங்கியது. குழுத்தலைவன் ரஸ் ஹாகன் கிதாரோடு பாடினான். இரண்டாவது அடியில், அவன் குரலுக்கு மேலே ஒரு பெண் குரல் எழுந்தது. மேடையில் பெண்ணே இல்லை. வெர்னா பத்தொன்பதாம் இணைப்பை மட்டும் காதில் போட்டார். பிறகு காதுக்கருவியை என் தலையில் மாட்டினார். அந்தக் குரலில் டிரம்ஸும் இல்லை, கிதாரும் இல்லை. கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது.

வெர்னா மேடை நிர்வாகியிடம் ஒலிவாங்கியில் மெல்லச் சொன்னார்: "நான் சொல்றப்போ கையைத் தூக்கு. எல்லாரும் சட்டுனு நிக்கணும்."

கை உயர்ந்தது. நால்வரும் நின்றார்கள். பத்தொன்பதாம் இணைப்பில் அந்தப் பெண் குரல் மட்டும் நிற்காமல் அந்த அடியை முழுதும் பாடி முடித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு நொடிகள்.

வெர்னா மேடைக்கே இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, பத்தொம்பதுல என்ன வருது?"

ரஸ் ஹாகனின் காது மடல் சிவந்தது. "அது... டிராக்ஸ், மேடம்."

"அதான் எழுதியிருக்கே. அது இல்லாம வாசிங்க."

"டிராக்ஸ் இல்லாம எங்களால முடியாது மேடம். ஆரம்பத்துலேர்ந்தே டிராக்ஸோடதான். டிராக்ஸ் இல்லேன்னா நாங்க குழுவே இல்ல."

"நல்லாச் சொன்னே, கண்ணு," என்றார் வெர்னா. ஒப்புதல் வாக்குமூலம் கையெழுத்தாகிவிட்டது என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

ஸ்டூ அபெலோ செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். விதியைத் தாமே காப்பாற்றியதாக அவருக்கு எண்ணம். "நாலு மணிக்கு அவனுங்ககிட்ட நானே சொல்றேன். நாயை வெச்சு வித்தை காட்டுற ஆளு ஒருத்தர் நியூஜெர்சில சும்மா இருக்கார், கூப்பிட்டுக்கலாம். நாய் வாயசைக்காதுல்ல?" என்று தாமே சிரித்தார்.

வெர்னா சிரிக்கவில்லை. எழுத்தில் சான்று வேண்டும் என்று ஏட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினார். குழு ஓய்வறைக்குப் போயிருந்தது, மேடை காலி. மணி மூன்று இருபது. நிகழ்ச்சியார் வைத்த உணவை அவர் தொடுவதில்லை; தாம் கட்டிக்கொண்டுவந்த ஈரல் சாண்ட்விச்சைப் பிரித்து, ஒரு கடி கடித்தவாறே பத்தொன்பதாம் இணைப்பைத் திறந்தார். இயந்திரம் ஓடாதபோது அதில் ஒன்றும் இருக்கலாகாது.

அதில் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

வெர்னா கடித்ததை விழுங்கவில்லை. என்னையும் கேட்கச் சொன்னார். மணியோசை ஒன்று கேட்டது, பின், எங்கள் கட்டடத்துச் சரக்கு லிஃப்ட்காரரின் குரல்: "மேல போறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" அதன்பின் ஒரு தும்மல். ஒரு பெண்ணின் குரல், மூக்கை உறிஞ்சி, "சே, என்ன தூசி" என்றது.

"பதிவு பண்ணின குரலு தும்முமா?" என்றேன்.

"தும்மாது. ஆனா நம்ம கட்டடத்துல எவளோ ஒருத்தி மைக்கை வெச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்கா. எதுக்கு ஒளியணும்?" அவர் எழுந்துவிட்டார். சந்தேகம் தீரவில்லை; வேறொரு சந்தேகமாயிற்று.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, சரக்கு லிஃப்டை அடுத்த படிக்கட்டில் அவரைக் கண்டோம். வயது இருபத்தாறு இருக்கும். கையில் கம்பியில்லா மைக், காதில் மேடை இசையைக் கேட்க ஒரு கருவி, பாதி முகத்தை மறைத்துக் கம்பளிச் சால்வை. பூட்டிய பெட்டிக்குள் இருந்தது அந்த மைக்கின் ஒலியை வாங்கும் கருவி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. குளிர்பானம் உறிஞ்சும் குழாய் போட்டு காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சால்வையை இன்னும் இழுத்தார்.

"யாரு நீ?"

"முடி அலங்காரம் பண்றவ. குழுவோட வந்தேன்."

"முடி அலங்காரத்துக்கு மைக் எதுக்கும்மா?"

அவர் மைக்கைச் சால்வைக்குள் ஒளித்தார்.

"பேரு?"

"மார்லிஸ்." பிறகு, "மார்லிஸ் டிராக்ஸ்லர். எல்லாரும் டிராக்ஸ்னுதான் கூப்பிடுவாங்க."

நான் வெர்னாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மார்லிஸ் சால்வையை விலக்கினார். முகத்தின் இடப்பாதி உறங்கிக் கிடந்தது. கண் முழுதும் மூடவில்லை. உதட்டின் கோடி கீழே தொங்கியது. ஜூலையில் ஒருநாள் காலை எழுந்தபோது இப்படி ஆகியிருந்ததாம். தானே சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றாராம் மருத்துவர்.

"சிரிப்பு வராது, பாட்டு வரும்," என்றார். "எங்க ஊரே இன்னிக்கு ராத்திரி முழிச்சிருந்து பாக்கப் போகுது. என் முகம் இப்படி ஆனது அங்க எங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். என்னால கேமரா முன்னால நிக்க முடியாது மேடம். ரெக்கார்டு கம்பெனிக்குக்கூடச் சொல்லல. சொன்னா என்னை எடுத்துட்டு வேற பொண்ணைப் போட்டுருவாங்க."

"நடுவுல நிறுத்தினப்போ நீ மட்டும் பாடிட்டே இருந்தியே?"

"காதுக்கருவி இந்தப் படிக்கட்டுல அடிக்கடி அறுந்து அறுந்து வருது. அதுதான் போயிருச்சுன்னு நெனச்சு அடியை முடிச்சேன்."

வெர்னா அதையும் உடனே ஏற்கவில்லை. "பாடு," என்றார். மார்லிஸ் பாடினார். உதடு சேர வேண்டிய எழுத்து வரும்போதெல்லாம் சுட்டுவிரலால் இடது உதட்டுக் கோடியை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் ஓசை ஒழுகாமல் வந்தது. வெர்னா குனிந்து, ஒரு சாண் தொலைவில் அந்த விரலையும் வாயையும் பார்த்தபடி, பாட்டு முடியும்வரை நின்றார். டிரம்ஸ் இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருந்தது; குரலில் எப்படி அழுக்கு விழும்?

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார் மார்லிஸ்.

"ஏன் சொல்லக் கூடாது? நீ யாரு, நான் யாரு?" என்றார் வெர்னா. நான்கு படிகள் இறங்கியபின் திரும்பாமலே, "காபி குடிக்கறதை நிறுத்து. தொண்டை காயும். வெந்நீர் அனுப்பறேன்," என்றார்.

ஸ்டூ அபெலோவின் அறையில் மணி மூன்று ஐம்பது.

"தப்பு என்னுது. பத்தொம்பது நேரடிக் குரல்தான்," என்றார் வெர்னா.

"பாடுறது யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"எங்க இருக்காங்க?"

"கட்டடத்துக்குள்ள."

"வா, காட்டு."

"மாட்டேன்."

ஸ்டூ என்னை நோக்கினார். நான் என் காலணியைப் பார்த்தேன்.

"வெர்னா, நீ பால்காரனை நம்ப மாட்டே, லிஃப்ட்டை நம்பாம படியேறிப் போறவ. அரை மணி முன்னாடி பொய்யின்னே. இப்போ மெய்யிங்கிறே. காரணமும் சொல்ல மாட்டேங்கிறே. அவனுங்க உன்கிட்ட என்ன குடுத்தானுங்க?"

"நான் காதால கேட்டேன், கண்ணால பாத்தேன். கையெழுத்து வேணும்னா போடறேன்."

"பாக்குறவன் நம்பலேன்னா நாற்காலி போயிரும். தெரியும்ல?"

"தெரியும்."

அவர் கையெழுத்திட்டார். நாய் வித்தைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஐந்தரை மணிப் பதிவு தொடங்குமுன் வெர்னா என்னை அழைத்தார். "போய்ப் படிக்கட்டுல உக்காரு. அவ வாய் அசையுதான்னு பாரு. கண்ணை இமைக்காதே."

"நம்பினேன்னு சொன்னீங்களே?"

"கையெழுத்துப் போட்டேன்னு சொன்னேன். போ."

போனேன். மார்லிஸ் கண்களை மூடி, விரலை உதட்டில் ஊன்றி, மூன்று நிமிடம் நாற்பது நொடி பாடினார். மூடாத இடக்கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவையும் நான் கண்டேன். அந்நகரில் கண்ட ஒரே ஆள் நான்தான்.

நாடு கண்டது வேறு. ரஸ் ஹாகன் மைக்கைவிட்டு விலகி நின்று, வாயை மூடிக்கொண்டு கிதாரை மீட்டுகையில், எங்கிருந்தோ ஒரு பெண் குரல் பொங்கியது. மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. சனிக்கிழமை நாளிதழ் ஒன்றின் பத்தியாளர், 'பாடியது யாருடைய வாய்?' என்று தலைப்பிட்டு, பழைய நிகழ்வையும் இதையும் முடிச்சுப் போட்டிருந்தார்.

திங்களன்று ஸ்டூ வெர்னாவுக்குக் கடைசி வாய்ப்புக் கொடுத்தார். "பேரை மட்டும் சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்." வெர்னா சொல்லவில்லை. வெளியே வந்தபின் நான் பொறுக்கமாட்டாமல், "ஸ்டூகிட்ட மட்டும் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"பேரைச் சொன்னா படத்தைக் கேப்பான். படத்தைக் குடுத்தா, அவளைக் கூட்டிட்டு வந்து சோபால உக்கார வெச்சு அழச் சொல்லுவான். இவனுங்களை எனக்குத் தெரியாதா?"

அந்த வாரமே அவரைக் காலை நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். வானிலை சொல்பவரின் சட்டையில் மைக் குத்துவது வேலை. இரண்டாண்டுகள் குத்தினார். அவ்விடத்தார் சிலர் அவரைக் கண்டதும் ஓசையின்றி வாயசைத்துக் கேலி செய்வதை நான் பார்த்திருக்கிறேன். வெர்னாவும் பார்த்தார். அவர்களுடைய மைக்குகளையும் சரியாகவே குத்தினார்.

2006 இறுதியில் மார்லிஸ் டிராக்ஸ்லரின் முகம் பெரும்பாலும் மீண்டது. டூலூத் வானொலியில், படிக்கட்டு, விரல், வெந்நீர் எல்லாவற்றையும் அவரே சொன்னார். அதன்பின்தான் நான் இதை மற்றவரிடம் பேசுகிறேன். செய்தியை வெர்னாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"இப்போ ஏன் சொல்றா? புதுப் பாட்டு வருதா?" என்றார்.

வந்திருந்தது. அதையும் சொன்னேன். "அதானே," என்றார்; ஆனால் குரல் கரகரத்தது. இணைப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஸ்டூ அபெலோ பழைய நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். வெர்னா அதை எழுத்தில் கேட்டு, எழுத்து வந்தபின் அலுவலகத்தைக் கூப்பிட்டு அது மெய்தானா என்று விசாரித்து, ஒரு திங்கட்கிழமை நண்பகலில் வந்து சேர்ந்தார். மேசையின் பின்னால் இருந்த நாற்பத்தெட்டுக் கம்பிகளையும் உருவிப்போட்டு, ஒவ்வொன்றாக முதலிலிருந்து சொருகத் தொடங்கினார். நான் எண்களைப் படித்தேன்.